பஞ்சுப் போர்வையைச் சலவை இயந்திரத்தில் இடுமுன்

பனிக்காலம் முடிந்து மாசி வெயில் ஏறத் தொடங்கியதும், பெங்களூர் சிவாஜிநகரின் மொட்டைமாடிகளில் போர்வைகள் வரிசையாகக் காயத் தொடங்கும். 1809-ஆம் ஆண்டு ஆங்கிலேயரின் படைமுகாம் அமைந்த காலந்தொட்டுத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவரும் பகுதி இது. ரஸ்ஸல் சந்தையைச் சுற்றிய குறுகிய தெருக்களில் வீடுகள் சிறியவை. துணி உலர்த்தும் இடமோ அதனினும் சிறியது. ஆயினும் இவ்வூரின் குளிரை முன்னிட்டு வீட்டுக்கு ஒன்றிரண்டு கனத்த போர்வைகளேனும் இருக்கும். வடகர்நாடகத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் கௌதி ஒன்று, பஞ்சு நிரப்பிய ஜெய்ப்பூர் ரஜாய் ஒன்று, பாலியெஸ்டர் இழை அடைத்த புதுமாதிரிப் போர்வை ஒன்று எனப் பல வகைகள் ஒரே வீட்டில் காணக் கிடைப்பதும் உண்டு.

முன்னாளில் கனத்த போர்வைகளைச் சலவைத் தொழிலாளரிடம் கொடுத்தனர். பஞ்சு இறுகிப்போன போர்வையைப் பிரித்து, வில்லால் கொட்டி, மீண்டும் நிரப்பித் தருவதற்குப் பஞ்சு கொட்டுபவர் தெருவழியே வந்தார். இன்று அவ்விருவர் பணியையும் வீட்டிலுள்ள ஓர் இயந்திரத்திடம் ஒப்படைக்க எண்ணுகிறோம். தொழிலாளி போர்வையைக் கையில் வாங்கியவுடனேயே அதன் எடையையும், உள்ளீட்டையும், சாயத்தையும் மதிப்பிட்டு விடுவார். இயந்திரத்திற்கு அந்த அறிவு இல்லை. ஆகவே அம்மதிப்பீட்டை நாமே செய்தாக வேண்டும்.

பாட்டியார் உடுத்திய ஆறு பருத்திச் சேலைகளைக் கொண்டு தைத்த கௌதி ஒன்று உங்கள் இல்லத்தில் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் சந்தை விலை சொற்பமாக இருக்கலாம். ஆனால் கெட்டுப்போனால் எத்தொகை கொடுத்தும் அதனை மீண்டும் வாங்க இயலாது. அதனை இயந்திரத்தில் இடலாமா என்னும் முடிவு மூன்று வினாக்களுக்கு உரிய விடையைப் பொறுத்தது. உள்ளே இருப்பது என்ன? நனைந்தால் எடை எவ்வளவு? சாயம் நிற்குமா?

உள்ளே இருப்பது என்ன?

போர்வையின் மேல்துணியை மட்டும் பார்த்து முடிவெடுப்பதே பெரும்பாலான சேதங்களுக்குக் காரணம். துவைப்பைத் தாங்க வேண்டியது மேல்துணி மட்டுமன்று. உள்ளீடும் தாங்க வேண்டும்.

கௌதியில் தனியே பஞ்சு கிடையாது. பழைய சேலைகளும் வேட்டிகளும் அடுக்கடுக்காக வைக்கப்பட்டு, ஊசியை நேர்வரிசையில் ஓட்டி நெருக்கமாகத் தைக்கப்படுகின்றன. உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தியும் இவ்வகையே. அடுக்குகள் நகர வழியில்லாததால், துணி வலுவாக இருக்கும் வரை இவை இயந்திரத்தைத் தாங்கும். பருத்தி இழை நனைந்த நிலையில் உலர்ந்த நிலையைவிடச் சற்று வலுப்பெறும் என்பதும் இதற்குத் துணை. ஆனால் பல்லாண்டு உடுத்தி நைந்த சேலைக்கு இந்த வாய்ப்பு இல்லை. துணியை இரு விரல்களால் மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை விலகினாலோ, வெளிச்சத்தில் பிடிக்கும்போது சல்லடைபோல் தெரிந்தாலோ, அப்போர்வைக்கு இயந்திரம் ஏற்றதன்று.

ஜெய்ப்பூர் ரஜாயின் நிலை வேறு. மெல்லிய துணிக்குள் கொட்டிய பஞ்சு பரப்பப்பட்டு, அது நகராதிருக்கத் தையலிடப்படுகிறது. கொட்டிய பஞ்சின் இழைகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை அல்ல. இடையிலுள்ள காற்றே அதற்குப் பருமனையும் கதகதப்பையும் தருகிறது. தண்ணீர் புகுந்ததும் காற்று வெளியேறி, இழைகள் ஒட்டிக்கொள்கின்றன. இயந்திரத்தின் புரட்டல் அவற்றை உருட்டிக் கட்டிகளாக்குகிறது. காய்ந்த பின்னரும் கட்டி கட்டியாகவே இருக்கும். மீண்டும் பிரித்துக் கொட்டினாலன்றிப் பழைய நிலை திரும்பாது. தையல் வரிசைகளுக்கு இடையே இரண்டு மூன்று விரல் அகலமே இருந்தால் ஆபத்து குறைவு. உள்ளங்கை அகலத்திற்கு மேல் இடைவெளி இருந்தால் இயந்திரத்தைத் தவிர்ப்பதே நலம்.

இலவம் பஞ்சு அடைத்தவற்றை ஒருபோதும் இயந்திரத்தில் இடலாகாது. இலவ இழை உள்ளே வெற்றிடம் கொண்ட நுண்குழல். மேலே இயற்கையான மெழுகுப் பூச்சும் உண்டு. அதனால் எளிதில் நனையாமல் மிதக்கும். உயிர்காப்பு மிதவை அங்கிகளில் ஒரு காலத்தில் இது பயன்பட்டதும் இக்காரணத்தாலேயே. நீரில் நெடுநேரம் புரட்டப்பட்டால் குழல்கள் நசுங்கி, மென்மை போய்விடும். இதற்கு வெயிலே சலவை.

பாலியெஸ்டர் இழை தண்ணீரைத் தனக்குள் ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. இழைகளின் இடைவெளியில் மட்டுமே நீர் தங்கும். ஆகவே விரைவில் உலரும், வடிவமும் மாறாது. வீட்டு இயந்திரத்துக்கு மிகவும் ஏற்றது இவ்வகையே. கடும் வெப்பம் மட்டும் ஆகாது.

போர்வையின் ஓரத்தில் தைத்துள்ள பராமரிப்புச் சீட்டில் உள்ளீடு குறிக்கப்பட்டிருக்கும். நீர்த்தொட்டிச் சின்னத்துக்குள் உள்ள எண் வெப்பநிலையின் உச்ச அளவைக் குறிக்கும். தொட்டியின் கீழே ஒரு கோடு இருந்தால் மென்மையான துவைப்பு. இரு கோடுகள் இருந்தால் மிக மென்மையான துவைப்பு. தொட்டிக்குள் கை வரையப்பட்டிருந்தால் கையால் மட்டுமே துவைக்கலாம். தொட்டியின் மீது பெருக்கல் குறி இருந்தால் நீரில் இடவே கூடாது. சீட்டு இல்லையெனில், ஓரத் தையலில் இரண்டு அங்குலம் பிரித்துப் பார்த்துவிட்டு மீண்டும் தைத்துவிடலாம். அச்சிறு உழைப்பு பின்னர் வரக்கூடிய பெருஞ்சேதத்தைத் தவிர்க்கும்.

நனைந்தால் எடை எவ்வளவு?

‘7 கிலோ இயந்திரம்’ என்று விற்கப்படும்போது, அந்த எண் உலர்ந்த பருத்தித் துணியின் எடையைக் குறிக்கிறது. அதுவும் பருத்திக்கென அமைந்த துவைப்பு முறைக்கு உரியது. மென்மையான துவைப்பு முறையில் ஏற்கத்தக்க அளவு அதனினும் மிகக் குறைவு. சரியான எண் இயந்திரத்தின் கையேட்டில் இருக்கும்.

போர்வையின் எடையை அறிய எளிய வழி உண்டு. உடல் எடை பார்க்கும் கருவியில் முதலில் நீங்கள் மட்டும் நில்லுங்கள். பிறகு போர்வையைச் சுமந்து நில்லுங்கள். வேறுபாடே போர்வையின் எடை. அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உலர்த்தும்போதும் இந்த எண் பயன்படும்.

ஆறு பருத்திச் சேலைகளாலான கௌதி சுமார் 3 கிலோ இருக்கலாம். பருத்தி அடுக்குகள் தம் எடையைப் போல் இரு மடங்குக்கும் மேலான நீரைத் தாங்கும். எனவே நன்கு நனைந்த நிலையில் அது 9 கிலோவை எட்டும். பிழிந்த பின்னரும் 5 கிலோவுக்குக் குறையாது. சட்டைகளும் துண்டுகளும் உருளை முழுவதும் பரவி நிற்கும். போர்வையோ ஒரே பொதியாய் ஒரு பக்கம் சேரும். அந்நிலையில் வேகமாகச் சுழலும் உருளை ஆட்டம் காணும், தாங்கிகள் தேயும்.

பிழியும் வேகத்தையும் இங்குக் கவனிக்க வேண்டும். வேகம் மும்மடங்கானால் துணியின் மீது செயல்படும் விசை ஒன்பது மடங்காகும். நிமிடத்திற்கு 400 சுற்றில் பிழிவதற்கும் 1,200 சுற்றில் பிழிவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. நைந்த தையல்கள் அறுந்துபோவது பெரும்பாலும் இக்கட்டத்தில்தான்.

எடை ஏற்றதாக இருந்தாலும் பருமன் ஏற்றதா என்று பார்க்க வேண்டும். உலர்ந்த போர்வையை அழுத்தாமல் உருளைக்குள் வையுங்கள். அதற்கு மேல் விரித்த கை ஒன்று தாராளமாக நுழையும் அளவுக்கு இடம் இருக்க வேண்டும். திணித்து மூட நேர்ந்தால் நடுவே நீர் சேராது. அழுக்கும் சலவைத்தூளும் உள்ளேயே தங்கிவிடும். அத்தகைய பெரிய போர்வைகளைப் பெரிய இயந்திரம் வைத்திருக்கும் சலவையகத்தில் கொடுப்பது, வீட்டு இயந்திரத்தின் பழுதுச் செலவைவிட நிச்சயம் மலிவானது.

மற்றோர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. நீர் புகாத பூச்சுடைய மெத்தை உறைகளையும் விரிப்புகளையும் இயந்திரத்தில் பிழியலாகாது. நீர் வெளியேற வழியின்றி உள்ளே தேங்கி, சுழற்சியின் நடுவே திடீரென இடம் மாறும். அப்போது இயந்திரம் கடுமையாக அதிர்ந்து சேதமடையலாம். அருகில் நிற்பவருக்கும் ஆபத்து.

சாயம் நிற்குமா?

சென்னைக்கு நெருங்கிய ஒரு வரலாறு இங்கு நினைவுகூரத் தக்கது. 1950-களின் இறுதியில், ‘மெட்ராஸ்’ என்னும் கட்டம்போட்ட கைத்தறித் துணி அமெரிக்காவுக்குப் பெருமளவில் சென்றது. பின்னாளில் லீலா விடுதிக் குழுமத்தைத் தோற்றுவித்த கேப்டன் கிருஷ்ணன் நாயர் அவ்வணிகத்தில் ஈடுபட்டிருந்தார். இயற்கைச் சாயம் தோய்த்த அத்துணியைக் குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைக்க வேண்டும் என்னும் செய்தி, ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைகளில் வாங்கியவர்களைச் சென்றடையவில்லை. அவர்கள் வழக்கம்போல் இயந்திரத்தில் இட்டனர், சாயம் இறங்கியது, முறையீடுகள் குவிந்தன. பின்னர் ‘சாயம் இறங்கும், உத்தரவாதம்’ என்றே விளம்பரம் செய்து, குறையைத் தனிச்சிறப்பாக்கி விற்றனர். துணியில் பழுதில்லை, துவைக்கும் முறை சொல்லப்படாததே பழுது.

பல நிறத் துண்டுகளை இணைத்த போர்வையில் இவ்வாபத்து பன்மடங்கு. ஒரு துண்டின் சிவப்போ அவுரி நீலமோ இறங்கினால், அருகிலுள்ள வெண்மை அனைத்தும் கறைபடும். எனவே துவைக்குமுன் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து, சலவைத் திரவம் ஒரு சொட்டு விட்டு, அந்த நிறத்தின் மீது ஒரு நிமிடம் அழுத்தித் தேயுங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால் போர்வையை இயந்திரத்தில் இட வேண்டாம். அடர்சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றில் இருமுறை சோதிப்பது நல்லது.

உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது நம் வீடுகளில் வழங்கும் நம்பிக்கை. உப்பு, சாயமிடும் வேளையில் சாயத்தை இழைக்குள் செலுத்த உதவுகிறது. ஆனால் ஏற்கெனவே இழையில் பிணையாமல் நிற்கும் மிகைச் சாயத்தை அது பிணைத்துவிடாது. உப்பு நீரில் சாயம் குறைவாக இறங்குவதுபோல் தோன்றினாலும், அடுத்த நல்ல நீரில் மீண்டும் இறங்கும். வினிகரின் பயனும் பட்டு, கம்பளி ஆகியவற்றுக்கு உரிய சாயங்களோடு நின்றுவிடுகிறது. பருத்திக்கு அது உதவுவதில்லை.

சோதனையை மீறிச் சாயம் பரவிவிட்டால், போர்வையை உலரவிடக் கூடாது. உலர்ந்தால் கறை நிலைத்துவிடும். உடனே அகன்ற பாத்திரத்தில் நிறைய நீரும் சிறிது சலவைத் திரவமும் விட்டு, போர்வை தளர்வாக மூழ்கும்படி ஊறவைத்து, நீர் தெளியும் வரை பலமுறை மாற்ற வேண்டும். குறைந்த நீரில் ஊறவைத்தால் இறங்கிய சாயம் மீண்டும் துணியிலேயே ஏறும்.

துவைக்கும் முறை

மூன்று வினாக்களுக்கும் நல்ல விடை கிடைத்த பின்னர் துவைக்கத் தொடங்கலாம். முதலில் மாடியில் விரித்துத் தூசியை உதறி, அறுந்த தையல்களைச் சீர்செய்யுங்கள். இயந்திரத்தில் விரிசல் விரியுமே தவிரச் சுருங்காது. நைந்த பகுதிகளுடைய போர்வையைப் பழைய வெண்ணிற விரிப்புக்குள் வைத்து, ஓரங்களைப் பெருந்தையலிட்டு மூடித் துவைத்தால் இழுவிசை குறையும்.

முன்புறம் திறக்கும் இயந்திரம் துணியைத் தூக்கிப் போட்டுத் துவைக்கிறது. மேற்புறம் திறக்கும் இயந்திரத்தின் அடித்தட்டோ துணியை முறுக்கி அலைக்கிறது. ஆகவே தையல் போர்வைக்கு முன்புறத் திறப்பே பாதுகாப்பானது. மேற்புறத் திறப்பு மட்டுமே உள்ளவர்கள் மென்மையான முறையைத் தேர்ந்து, போர்வையை வட்டமாகச் சுற்றி அடுக்கி, எடையைச் சமமாகப் பரப்ப வேண்டும். இடையில் இருமுறை நிறுத்திப் புரட்டிவிடுவதும் நன்று. பிழியும்போது இயந்திரம் நின்று நின்று ஓடினால், நிறம் இறங்காத இரண்டு துண்டுகளைச் சேர்த்து எடையைச் சமன் செய்யலாம்.

நீர் 30 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட வேண்டாம். தூசுச் சிற்றுண்ணிகள் அழிய 60 டிகிரி அளவு வெப்பம் தேவை. அதனை வண்ணப் போர்வைகள் தாங்கா. எனினும் ஒவ்வாமைக்குக் காரணமான அவற்றின் கழிவுகளில் பெரும்பகுதி குளிர்நீரிலேயே கரைந்து வெளியேறிவிடும். தலையணை உறை, விரிப்பு ஆகியவற்றைச் சூடான நீரில் துவைத்துக்கொண்டால் போதும்.

தூளைவிடத் திரவம் சிறந்தது. அடுக்குகளுக்குள் படிந்து தங்காது. அளவும் வழக்கத்தில் பாதியே போதும். பெங்களூரில் நீரின் தன்மை வீட்டுக்கு வீடு மாறுபடும். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து வரும் காவிரி நீர் ஒரு தெருவிலும், ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர் அடுத்த தெருவிலும் ஓடலாம். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெண்படிவாகத் துணியில் ஒட்டும். அதனால் சோப்பைத் தவிர்த்து, இயந்திரத்துக்குரிய நுரை குறைந்த திரவத்தைப் பயன்படுத்துங்கள். கூடுதலாக ஒருமுறை அலசுங்கள். துணி மென்மையாக்கி தேவையில்லை. அது இழைகளில் படிந்து உறிஞ்சுதிறனைக் குறைக்கும்.

பிழிதல் 400 முதல் 600 சுற்றுக்குள் இருக்கட்டும். துவைத்து முடிந்ததும் இயந்திரத்தின் வடிகட்டியைத் திறந்து, அதில் சேர்ந்துள்ள நூலிழைகளை அகற்றிவிடுங்கள்.

உலர்த்துவதில் பாதி வேலை

நனைந்த 5 கிலோ போர்வையை ஒரே கொடியில் மடித்துப் போட்டால், எடை முழுவதும் அந்த ஒரு மடிப்பின் தையலில் தொங்கும். இரண்டு மூன்று கொடிகளின் மேல் படுக்கவைத்தோ, கயிற்றுக் கட்டிலில் விரித்தோ உலர்த்துவதே முறை. இயந்திரத்திலிருந்து எடுக்கும்போதும் ஒரு முனையைப் பிடித்து இழுக்காமல், இரு கைகளாலும் மொத்தமாகத் தாங்கி எடுங்கள். வண்ணம் வெளுக்காதிருக்க உள்பக்கம் வெளியே வரும்படி காயப்போடுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிடுங்கள்.

மேல்துணி காய்ந்ததால் உள்ளும் காய்ந்துவிட்டது என்று கொள்ளலாகாது. முன்பு குறித்து வைத்த எடை இப்போது உதவும். மீண்டும் எடை பாருங்கள். அரைக் கிலோ கூடுதலாக இருந்தால் உள்ளே நீர் இருக்கிறது. ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடித்து, கரும்புள்ளிகள் நிரந்தரமாகிவிடும். இக்காரணத்தாலேயே மழைக்காலத்தைத் தவிர்த்து, தை முதல் பங்குனி வரையிலான வறண்ட நாட்களில் போர்வைகளைத் துவைப்பது பெங்களூருக்கு ஏற்றது.

புதிதாகத் தைப்பவர்களுக்கு

கமர்ஷியல் தெருவில் துணி வாங்கிப் போர்வை தைக்க எண்ணுவோர், துணியை முதலில் துவைத்துவிட்டே வெட்ட வேண்டும். புதிய பருத்தித் துணி முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கக்கூடும். ஒரு மீட்டரில் 3 முதல் 5 சென்டிமீட்டர் குறையும். பழஞ்சேலை ஏற்கெனவே சுருங்கி முடிந்தது. துவைக்காத புதுத்துணியை அதனோடு சேர்த்துத் தைத்தால், புதுத்துணி மட்டும் சுருங்கிப் பழையதை இழுத்துக் கிழிக்கும். வெட்டிய ஓரங்களில் நூல் பிரியாமலிருக்க, துவைக்குமுன் நான்கு முனைகளையும் சிறிதே சாய்வாக வெட்டிவிட்டால் போதும். சிறு துண்டுகளை வலைப்பையில் இட்டுத் துவையுங்கள். அடர்நிறங்களைத் தனியே துவைத்தால் மிகைச் சாயம் தையலுக்கு முன்பே வெளியேறிவிடும்.

போர்வைக்கு மேல் பொத்தானிட்ட பருத்தி உறை ஒன்று தைத்துக்கொண்டால், அடிக்கடி துவைக்க வேண்டியது அவ்வுறையை மட்டுமே. போர்வைக்கு மாதம் ஒருமுறை வெயிலும் காற்றும் போதும். முழுச் சலவை ஆண்டுக்கு ஒருமுறை போதும். 2024 கோடையில் நீர்த் தட்டுப்பாட்டைக் கண்ட நகரத்தில் இது நீரையும் மிச்சப்படுத்தும்.

இனி அந்த ஆறு சேலைக் கௌதிக்கு வருவோம். எடை 3 கிலோ. உருளையில் இடம் இருக்கிறது. நெருங்கிய தையல், உள்ளே பஞ்சு இல்லை. ஐந்து சேலைகளின் சாயம் நிற்கிறது; ஆறாவதன் அரக்குநிறம் வெள்ளைத் துணியில் லேசாக ஏறுகிறது. முடிவு தெளிவு. இதனை இயந்திரத்தில் இடலாகாது. அகன்ற தொட்டியில் குளிர்ந்த நீர் நிரப்பி, கையால் அழுத்தி அழுத்தி விரைவாக அலசி, முறுக்காமல் நீர் வடித்து, கட்டிலில் விரிக்க வேண்டும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப்பொழுது செலவாகும். பாட்டியாரின் சேலைகள் இன்னும் பல குளிர்காலங்களுக்குப் பேரப்பிள்ளைகளைப் போர்த்தியிருக்கும்.